பகலில் டிஓ (கரைந்த ஆக்ஸிஜன்) 11.4, விடியலில் மீன் செத்து மிதக்கிறது: தப்பு அளவிலா, ஏரியிலா?

நீர்க்கோழி:

முதுநிலை ஆய்வுத் திட்டம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பாசன ஏரி. நீர்ப்பரப்பு சுமார் 40 ஹெக்டேர், மதகடியில் இப்போது 2.5 மீட்டர் ஆழம். வரத்துக்கால் ஒன்றில் ஊர்ச் சாக்கடையும் கலந்து இறங்குகிறது. தண்ணீர், அகத்திக்கீரையை அரைத்துக் கரைத்து ஊற்றியதுபோல் பச்சை.

மாதிரி எடுப்பது மதகுப் படியில் நின்று, மேல்மட்டத்தில், காலை 11 முதல் 12 மணிக்குள். 300 மி.லி. பிஓடி (நுண்ணுயிர் தின்னும் ஆக்ஸிஜன் அளவு) பாட்டில். ஆய்வகம் வந்து சேர 3 மணி நேரம் ஆகிறது. அங்கே வைத்துத்தான் வின்க்ளர் முறையில் டிஓ பார்க்கிறோம். கடைசித் தடவை வந்த எண்கள்:

நீர் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், பிஎச் 9.3, டிஓ 11.4 மி.கி./லி., பிஓடி (27 டிகிரி, 3 நாள், நீர்த்தல் செய்யாமல்) 9 மி.கி./லி., மொத்த அம்மோனியா நைட்ரஜன் 1.1 மி.கி./லி., வடிகட்டிய நீரில் ஆர்த்தோபாஸ்பேட் பாஸ்பரஸ் 0.02 மி.கி./லி., செக்கித் தட்டு (நீரில் இறக்கும் தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்) 22 செ.மீ.

இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை காலையில் மீன் செத்து மிதந்தது. டிஓ 4-க்கு மேல் இருந்தால் மீனுக்குப் போதும் என்றுதான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'டி' வகுப்பு சொல்கிறது. இங்கே 11.4. என் கேள்விகள்:

ஒன்று, 30 டிகிரியில் நிறைநிலையே 7.56 தானே, 11.4 எப்படி வரும்? டைட்ரேஷனுக்கான தயோசல்பேட் கெட்டுவிட்டதா? இரண்டு, பிஓடி பாட்டில்களில் மூடிக்கடியில் குமிழி நிற்கிறது, அதனால் பாதகம் உண்டா? மூன்று, பாஸ்பேட் இவ்வளவு குறைவாக இருக்கும்போது பாசிக்குக் காரணம் சாக்கடை என்று எழுதலாமா?

---

பியூரெட்_முனை:

11.4 வரக்கூடிய எண்தான். 7.56 என்பது காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரின் அளவு. அடர்ந்த பாசியுள்ள நீரில் வெயில் நேரத்தில் ஒளிச்சேர்க்கை விடும் ஆக்ஸிஜன், காற்றுக்குத் தப்பிப் போகிற வேகத்தைவிட அதிகம். உங்கள் 11.4 என்பது 151 சதவீத நிறைவு. பிஎச் 9.3 அதற்குச் சாட்சி: பாசி கரியமில வாயுவை உறிஞ்சி எடுத்ததால்தான் பிஎச் அவ்வளவு ஏறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் ஏறியிருந்தால் அப்போது பியூரெட்டைச் சந்தேகப்படுங்கள்.

எண் சரியாக இருக்கலாம், எடுத்த நேரம் தப்பு. டிஓ பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் உச்சிக்குப் போய், சூரியன் உதிக்குமுன் அடிமட்டத்துக்கு வரும். மீன் சாவது அந்த அடிமட்டத்தில். நீங்கள் அளப்பது உச்சிக்கு ஏறும் வழியில்.

ஆனால் உங்கள் 11.4 மேல் எனக்கு வேறொரு குறை உண்டு. 3 மணி நேரம் கட்டாமல், அதாவது வினைப்பொருள் விட்டு ஆக்ஸிஜனை நிலைநிறுத்தாமல், எடுத்துப் போகிறீர்கள். பாட்டிலுக்குள் பாசி உயிரோடுதான் இருக்கிறது. பெட்டியில் இருட்டில் இருந்தால் மூச்சுவிட்டே மணிக்கு அரை மில்லிகிராமுக்குமேல் தின்றுவிடும். வெயில் பட்டால் ஆக்ஸிஜனை இன்னும் கூட்டும். ஐஸ் பெட்டி இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. டிஓ பாட்டிலைக் கரையிலேயே கட்ட வேண்டும். முறை இது:

குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீரைச் சலசலக்காமல் நிரப்பி, பாட்டில் கொள்ளளவைப்போல் 2 அல்லது 3 மடங்கு வழிய விடுங்கள். குமிழி இல்லாமல் மூடுங்கள். பிறகு திறந்து மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., அடுத்து கார-அயோடைடு-அசைடு 2 மி.லி. இரண்டையும் பிபெட் முனை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி விடுங்கள். இரண்டுமே கனமான கரைசல், தானாக அடிக்கு இறங்கும். முனை மாதிரியில் நனைந்த பிபெட்டைக் கழுவாமல் வினைப்பொருள் பாட்டிலுக்குள் திரும்ப விடாதீர்கள். மூடி, 15 தடவையாவது கவிழ்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு பாதிக்கு இறங்கியதும் இன்னொரு முறை கலக்குங்கள். இந்த இரண்டாவது கலக்கலை விடுகிறவர்களுக்குத்தான் ஒரே மாதிரியில் இரண்டு பாட்டில் இரண்டு எண் காட்டும்.

இங்கேயே கண்ணால் ஒரு முடிவு கிடைக்கும். வீழ்படிவு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் ஆக்ஸிஜன் தாராளம். மங்கிய மஞ்சள் என்றால் குறைவு. சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாகவே நின்றால் ஆக்ஸிஜன் இல்லை. விடியற்காலையில் ஏரிக்கரையில் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் டைட்ரேஷனே இரண்டாம்பட்சம்.

கட்டிய பாட்டிலை, கழுத்து தண்ணீருக்குள் மூழ்கியிருக்க, இருட்டில் வைத்து எடுத்துப் போகலாம். 8 மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கலக்கினால் வீழ்படிவு கரைந்து அயோடின் நிறம் வரும். அதற்குப் பிறகு தாமதம் கூடாது, அயோடின் ஆவியாகும்.

டைட்ரேஷனுக்கு 203 மி.லி. எடுங்கள். 2+2 மி.லி. வினைப்பொருள் ஊற்றியபோது 4 மி.லி. மாதிரி வெளியே வழிந்துபோனது; 200 × 300 ÷ 296 = 202.7. 1+1 ஊற்றுகிறவர்களுக்கு 201. 0.025 நார்மல் தயோசல்பேட் என்றால் செலவான ஒவ்வொரு மி.லி.யும் 1 மி.கி./லி. டிஓ. ஸ்டார்ச்சை வெளிர் வைக்கோல் நிறம் வந்தபிறகே விடுங்கள்; முன்கூட்டி விட்டால் அயோடின் ஸ்டார்ச்சோடு கட்டிக்கொண்டு விடாமல் இழுக்கும். பச்சைத் தண்ணீரில் அந்த வைக்கோல் நிறம் தெரிவது கஷ்டம். குடுவைக்கடியில் வெள்ளை ஓடு வையுங்கள். நீலம் முதல்முறை மறைவதுதான் முடிவு. கொஞ்ச நேரத்தில் திரும்ப நீலமானால் அது நைட்ரைட்டின் வேலை, அசைடு பழையது அல்லது போதவில்லை என்று பொருள். திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள்.

தயோசல்பேட்: லிட்டருக்கு 6.205 கிராம், கூட 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. கெட்டால் வலு குறையும். வலு குறைந்தால் அதிகமாகச் செலவாகும். டிஓ உயர்ந்து தெரியும். 10 சதவீதம் தளர்ந்திருந்தால் உங்கள் 11.4 உண்மையில் 10.3. லிட்டருக்கு 1.226 கிராம் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைத்தால் 0.025 நார்மல். அதில் 20 மி.லி., 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, அமிலம், 5 நிமிடம் இருட்டு, பிறகு டைட்ரேஷன். 20 மி.லி. செலவாக வேண்டும். மாதிரி எடுக்கும் நாளன்றே இதைச் செய்யுங்கள்.

அசைடு விஷம். அந்தக் கரைசலில் நேரடியாக அமிலம் பட்டால் கிளம்பும் ஆவியும் விஷம். வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். செம்பு, ஈயக் குழாய் உள்ள தொட்டியில் மீதியைக் கொட்டாதீர்கள். அந்த உலோக அசைடுகள் வெடிக்கும்.

---

கெண்டைக்காரன்:

தம்பி, ஆய்வகத்துக்குப் போறதுக்கு முன்னாடி செத்த மீனைப் பாருங்க. எந்த மீன், என்ன சைஸ், எத்தனை மணிக்கு மிதந்தது? இந்த மூணும் எழுதாம மீன் செத்ததுன்னு மட்டும் எழுதினா அந்த வரியை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

காத்துக் குறைஞ்சு செத்தா பெரிய மீன் முதல்ல போகும். 2 கிலோ கட்லா மிதக்கும், அதே தண்ணில விரல் நீளக் குஞ்சு ஓடிக்கிட்டிருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் செவுளை மட்டும் நம்பின சாதி. ஜிலேபி இன்னும் கொஞ்சம் தாங்கும். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை மேல வந்து காத்தைக் குடிக்கும், அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சாகிறதுக்கு முன்னாடி மத்த மீன் எல்லாம் மேல்மட்டத்துல வாயைத் திறந்து திறந்து மூடும், ஆள் போனாலும் விலகாது. வெயில் ஏறினதும் மிச்சம் இருக்கிறது உள்ளே போயிடும்.

விராலும் சேர்ந்து செத்திருந்தா, இறால் தவளை தண்ணிப்பூச்சி எல்லாம் செத்திருந்தா, குஞ்சு முதல்ல போயிருந்தா, மத்தியானத்துல செத்திருந்தா, அது வேற கதை. மருந்து கலந்திருக்கான்னு பாருங்க. அப்போ மீனையும் தண்ணியையும் உடனே ஐஸ்ல வைக்கணும், தண்ணி கண்ணாடி பாட்டில்ல.

முந்தின நாள் வானத்தையும் குறிச்சு வைங்க. ரெண்டு நாள் மூடாப்பு போட்டா பகல்ல பாசி காத்து விடுறது குறையும், ராத்திரி மூச்சு விடுறது குறையாது. சாயங்கால இடிமழை இன்னும் மோசம். வரத்துக்கால்ல தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணியை ஒரே தள்ளாத் தள்ளிக்கிட்டு வரும், காத்தடிச்சு அடித்தண்ணியும் மேல புரளும்.

ராத்திரி முழுக்க உட்கார முடியலேன்னா ஒரு கணக்கு இருக்கு. மீன் பண்ணையில ரொம்ப நாளாப் போடுற கணக்குதான். பொழுது சாயும்போது ஒண்ணு, 3 மணி நேரம் கழிச்சு ஒண்ணு அளந்துட்டு, அந்தச் சரிவை விடியல் வரைக்கும் நேர்கோடா இழுங்க. சாயங்காலம் 6 மணிக்கு 10.2, ராத்திரி 9 மணிக்கு 8.1 வந்ததுன்னு வைங்க. மணிக்கு 0.7 இறங்குது. காலை 6 மணிக்கு 12 மணி நேரம், 8.4 போச்சு. மிச்சம் 1.8. கட்லா பொழைக்காது. நிஜத்துல கோடு சொல்றதைவிடக் கொஞ்சம் மேல நிக்கும். நிறைவுக்குக் கீழ போனதும் காத்துலேர்ந்து கொஞ்சம் உள்ளே வரும்ல. ஆனா எச்சரிக்கைக்கு அது போதும்.

---

நீர்க்கோழி:

இருவருக்கும் நன்றி. குறிப்பேட்டில் பார்த்தேன்: இரண்டு தடவையும் கட்லாவும் ரோகுவும் மட்டும், பெரும்பாலும் 1.5 கிலோவுக்கு மேல், காலை 6 மணிக்கு முன்பே மிதந்தவை. விரால் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் முந்தைய நாள் மேகமூட்டம்.

அம்மோனியா 1.1 இருக்கிறதே, அது காரணமாக இருக்காதா? 'டி' வகுப்பு வரம்பு 1.2, கிட்டத்தட்ட அங்கே நிற்கிறது. இன்னொன்று: மீன்பாசிக் குத்தகைதாரர் சுண்ணாம்பும், பாசியைக் கொல்ல மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) போடப் போவதாகச் சொல்கிறார். எங்கள் அளவீடுகள் முடிகிற வரை பொறுக்கச் சொல்வதா, போடட்டும் என்று விடுவதா?

---

டயாட்டம்:

பொறுக்கச் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.

முதலில் அம்மோனியா. 'டி' வகுப்பின் 1.2 என்பது கட்டிலா (அயனியாகாத, NH3 ஆகவே நிற்கும்) அம்மோனியா நைட்ரஜனுக்கு. நீங்கள் அளந்தது மொத்த அம்மோனியா. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு ஒப்பிடுவது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. மொத்தத்தில் எவ்வளவு கட்டிலாமல் நிற்கிறது என்பதை பிஎச்சும் வெப்பநிலையும் முடிவு செய்யும். 30 டிகிரியில் பிஎச் 9.3 என்றால் ஏறத்தாழ 62 சதவீதம், உங்கள் 1.1-ல் 0.68. அதே நீர் விடியலில் பிஎச் 7.6, 27 டிகிரி என்று இருந்தால் 2.5 சதவீதம், 0.03 கூட இல்லை. ஆக அம்மோனியாவின் கடுமை பிற்பகலில், ஆக்ஸிஜனின் வறுமை விடியலில். உங்கள் மீன்கள் விடியலில் சாகின்றன. அம்மோனியா பகலில் செவுளைப் புண்ணாக்கி, இரவைத் தாங்கும் வலுவைக் குறைத்திருக்கலாம். கொன்றது அது என்று எழுத இந்தத் தரவு இடம் தராது. வாரியத்தின் 1.2-ஐ மீனுக்குப் பாதுகாப்பான அளவு என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2013 வரையறையில் பிஎச் 7, 20 டிகிரிக்கு நீண்டகால அளவு மொத்த அம்மோனியா நைட்ரஜனாக 1.9 மி.கி./லி. அந்த நிலையில் கட்டிலா பகுதி அரை சதவீதத்துக்கும் கீழே, அதாவது 0.01 மி.கி./லி. கூட இல்லை.

இப்போது சுண்ணாம்பு. பிஎச் 9.3-ல் நிற்கிற நீரில் சுண்ணாம்பு போட்டு அது 10-க்குப் போனால் கட்டிலா அம்மோனியா 62-லிருந்து 89 சதவீதமாகும். அமிலத்தன்மையுள்ள குளத்துக்கு மருந்து, இங்கே விஷம்.

மயில்துத்தம் இன்னும் மோசம். மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்து வருவது லிட்டருக்கு மில்லிகிராம் அளவு என்பது பண்ணைக்குளக் கணக்கு. காரத்தன்மை 150, சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்று வைத்தால், 40 ஹெக்டேரில் 6 லட்சம் கன மீட்டர், லிட்டருக்கு 1.5 மி.கி. வீதம் 900 கிலோ. போட்டால் பாசி சாகும், உண்மை. அத்தனை பாசியும் ஒரே வாரத்தில் அழுகும்போது விடியலில் மட்டும் இறங்கிய டிஓ பகலிலும் ஏறாது. நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் செல் உடைந்து உள்ளே இருந்த நச்சும் தண்ணீரில் கலக்கும். செம்பு எங்கும் போகாது, வண்டலில் தங்கும். கோடையில் அந்த வண்டலைத்தான் வயலுக்கு அள்ளி அடிக்கிறார்கள்.

நீலப்பச்சையா இல்லையா என்பதற்கு நுண்ணோக்கி வருமுன் ஒரு சோதனை. அகன்ற கண்ணாடிச் சீசாவில் முக்கால் பங்கு நீர் எடுத்து, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் மாதிரியானவற்றின் செல்லுக்குள் வாயுப் பைகள் உண்டு; காலையில் மேலே வண்ணம் கொட்டியதுபோல் படலம் கட்டியிருக்கும், கீழே நீர் தெளிந்திருக்கும். சாதாரணப் பச்சைப்பாசி அடியில் படியும் அல்லது நடுவில் பரவி நிற்கும். மேலே படலம் வந்தால் ஏரி நீரில் வெறுங்கை விடாதீர்கள், மாடு குடிக்கும் கரைப்பக்கத்தில் கவனம் வேண்டும் என்று குத்தகைதாரருக்குச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தக் கரையில் படலம் பல மடங்கு தடிக்கும். மதகுப்படி அந்தப் பக்கமா எதிர்ப்பக்கமா என்று பார்த்தீர்களா? ஒரே ஒரு இடத்து மாதிரியை ஏரியின் மாதிரி என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

பாஸ்பேட். கரைந்த பாஸ்பேட் 0.02 என்றால் பாஸ்பரஸ் இல்லை என்று அர்த்தமில்லை; பாசி அதை ஏற்கெனவே உண்டு உடம்பில் வைத்திருக்கிறது. வடிகட்டித் தாளில் நீங்கள் தூக்கி எறிந்த பச்சைதான் உங்கள் பாஸ்பரஸ். மொத்த பாஸ்பரஸ் பாருங்கள்: வடிகட்டாத மாதிரி 50 மி.லி., 1 மி.லி. கந்தக அமிலக் கரைசல் (300 மி.லி. அடர் அமிலத்தை 1 லிட்டராக்கியது), 0.5 கிராம் பொட்டாசியம் பெர்சல்பேட், ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 30 நிமிடம். ஆறியபின் பினாப்தலீன் வெளிர் இளஞ்சிவப்பு வரும்வரை காரம் விட்டு, பாஸ்பேட்டோடு நீல நிறம் தரும் கலவை வினைப்பொருள் 8 மி.லி., 10 நிமிடத்துக்குப் பின் 30 நிமிடத்துக்குள் 880 நானோமீட்டரில் படியுங்கள். கலவை வினைப்பொருள் 4 மணி நேரமே தாங்கும். முந்தைய நாள் கலக்கியதை ஊற்றாதீர்கள். கண்ணாடியைச் சோப்புப் பொடியில் கழுவினால் பொடியின் பாஸ்பேட்டை அளந்துகொண்டிருப்பீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு காய்ச்சி வடித்த நீர், அவ்வளவுதான்.

பாஸ்பரஸ்தான் கடிவாளம் என்பதை 1973-ல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழு காட்டியது. 226 என்று எண்ணிட்ட ஏரியைத் திரைகட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையானது. அது குளிர்நாட்டு ஏரி. நம் ஏரிகளில் நைட்ரஜனும் சில மாதம் கட்டுப்படுத்தும், ஆகவே மொத்த நைட்ரஜனையும் சேர்த்தே பாருங்கள். சாக்கடையைக் காரணம் காட்ட வேண்டுமென்றால் ஏரிக்குள் அளந்து பயனில்லை. வரத்துக்காலில் நீரோட்ட அளவையும் அங்குள்ள மொத்த பாஸ்பரஸையும் பெருக்கி நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று கொண்டுவாருங்கள். அடிமண்ணையும் மறக்காதீர்கள். ஆக்ஸிஜன் உள்ளவரை இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும், அது தீர்ந்தால் விட்டுவிடும். 1941-42-லேயே மார்ட்டிமர் இங்கிலாந்து ஏரிகளில் காட்டியது. உங்கள் ஏரியின் அடியில் ஒவ்வோர் இரவும் இது நடக்கக்கூடும். மதகடியில் மேலிருந்து 30 செ.மீ., தரையிலிருந்து 30 செ.மீ. என்று இரண்டு ஆழத்தில் டிஓவும் பாஸ்பேட்டும் எடுங்கள்.

---

பியூரெட்_முனை:

குமிழிக் கேள்வியை விட்டுவிட்டேன். பாதகம் உண்டு, பெரிய பாதகம்.

11.4 டிஓவோடு பாட்டிலை அப்படியே இன்குபேட்டரில் வைக்கிறீர்கள். 27 டிகிரியில் நிறைநிலை 7.97. அதற்கு மேலே உள்ள ஆக்ஸிஜன் கரைசலில் நிற்க விரும்பாமல் மூடிக்கடியில் குமிழியாகக் கூடும். 3 நாள் கழித்துத் திறக்கும்போது அது போய்விடும். நீங்கள் அதை நுண்ணுயிர் தின்ற கணக்கில் எழுதுவீர்கள். அந்த 9-ல் 3 வரைக்கும் வெறும் காற்றாக இருக்கலாம்.

சரிசெய்வது எளிது. மாதிரியை 27 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாதி நிரம்பிய பெரிய பாட்டிலில் நன்றாகக் குலுக்குங்கள், அல்லது மீன்தொட்டிப் பம்பால் காற்று விடுங்கள். டிஓ 8-க்கு இறங்கியதைச் சோதித்துவிட்டுப் பிறகு பிஓடி பாட்டிலில் ஊற்றுங்கள்.

அடுத்தது நீர்த்தல். தொடக்கம் 7.9, கடைசியில் குறைந்தது 1 மிஞ்ச வேண்டும், இடையில் குறைந்தது 2 இறங்க வேண்டும். ஆக நீர்த்தல் செய்யாமல் 7-க்கு மேல் பிஓடி அளக்கவே முடியாது. உங்கள் 9 அந்த வகையிலும் செல்லாது. 300 மி.லி. பாட்டிலில் 30, 60, 100 மி.லி. மாதிரி என்று மூன்று வையுங்கள். உதாரணம்: 60 மி.லி. வைத்ததில் 7.9-லிருந்து 5.7 வந்தால் 2.2 ÷ 0.2 = 11. 100 மி.லி. வைத்ததில் 7.9-லிருந்து 4.2 வந்தால் 3.7 ÷ 0.333 = 11.1. இரண்டும் இப்படி ஒட்டிவந்தால் நம்பலாம். மாதிரி கூடக்கூட பிஓடி குறைந்துகொண்டே வந்தால் ஏதோ விஷம் நுண்ணுயிரை அமுக்குகிறது.

நீர்த்தல் நீருக்கு லிட்டருக்கு 1 மி.லி. வீதம் பாஸ்பேட் தாங்கல், மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, பெர்ரிக் குளோரைடு. அந்த நீரை மட்டும் ஒரு பாட்டிலில் வைத்து, 3 நாளில் 0.2-க்கு மேல் இறங்கினால் அன்றைய தொகுதி முழுக்க வீண். செம்புக் கொதிகலனில் வடித்த நீர் வேண்டாம். பாட்டிலின் வாய்க்கிண்ணத்தில் தண்ணீர் முத்திரை வற்றாமல் தினமும் பாருங்கள். 27 டிகிரி இன்குபேட்டரில் வேகமாக வற்றும். இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும், உள்விளக்கு எரிகிற இன்குபேட்டர் பச்சைத் தண்ணீருக்கு உதவாது.

பாசியின் பங்கு தனியாகத் தெரிய, ஜிஎஃப்/சி கண்ணாடி இழை வடிதாளில் வடித்த மாதிரிக்கும் ஒரு தொகுதி வையுங்கள். வடிக்காதது 11, வடித்தது 4 என்றால் மிச்சம் பெரும்பாலும் துகள், அதாவது பாசி. சாக்கடையின் பிஓடி என்று 11-ஐ மொத்தமாக எழுதிவிடாதீர்கள்.

---

புது_உறுப்பினர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். செக்கித் தட்டு 22 செ.மீ. என்றால் கார்ல்சன் குறியீடு (ஏரியில் ஊட்டச்சத்தும் பாசியும் எவ்வளவு மிகுந்தன என்று காட்டும் எண்) 82 வருகிறது. இது ஒன்றே போதாதா, பாசியின் அளவைக் காட்டும் குளோரோபில்லையும் தனியாக அளக்க வேண்டுமா?

---

டயாட்டம்:

போதாது. செக்கித் தட்டுக்குப் பாசியும் தெரியாது, சேறும் தெரியாது. எதனால் மறைந்தாலும் மறைந்ததுதான். கார்ல்சன் 1977-ல் அந்தச் சமன்பாடுகளை அமைத்தது பாசியே கலங்கலுக்குக் காரணமான ஏரிகளை மனதில் வைத்து. மழை பெய்து செம்மண் இறங்கிய நம் ஏரியில் தட்டு 25 செ.மீ.யில் மறையும், குறியீடு 80 காட்டும். குளோரோபில் 20 மைக்ரோகிராம் இருந்தால் அதன் குறியீடு 60 தான். இந்த 20 இடைவெளிதான் சேறு. செக்கித் தட்டு, குளோரோபில், மொத்த பாஸ்பரஸ் மூன்றின் குறியீட்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் சொல்ல வந்த சங்கதியே அதில் கரைந்துபோகும்.

குளோரோபில் எடுப்பது: இந்தப் பச்சையில் 100 மி.லி.க்கு மேல் வடிதாள் விடாது, அது போதும். மங்கிய வெளிச்சத்தில் வடித்து, தாளை 90 சதவீத அசிட்டோனில் அரைத்து 10 மி.லி. ஆக்கி, 4 டிகிரியில் இருட்டில் ஓர் இரவு. சுழற்றித் தெளிய வைத்து 750, 664 நானோமீட்டரில் படியுங்கள். 3 மி.லி. சாற்றுக்கு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.1 மி.லி., 90 வினாடி கழித்து 750, 665. இரண்டிலும் 750-ஐக் கழித்துவிட்டு, வித்தியாசத்தை 26.7-ஆல் பெருக்கி, சாறு (லிட்டர்) ÷ வடித்த நீர் (கன மீட்டர்) ஆல் பெருக்குங்கள். 100 மி.லி. வடித்து 10 மி.லி. சாறு, 1 செ.மீ. குவெட் என்றால் அந்த விகிதம் 100. வித்தியாசம் 0.032 வந்தால் 85 மைக்ரோகிராம்/லி. அமிலத்துக்கு முன்-பின் விகிதம் 1.7-ஐ ஒட்டி இருந்தால் உயிருள்ள பாசி, 1-ஐ நோக்கி இறங்கினால் செத்த பாசி. பாசி கூட்டமாகச் சரியப் போவதை அந்த விகிதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், மீன் மிதப்பதற்கு முன்.

குவெட் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குவெட் அசிட்டோனில் மங்கி, 750-லேயே எண் எகிறும்.

---

கெண்டைக்காரன்:

குத்தகைதாரருக்கு என்ன பதில் சொல்றதுன்னு யாரும் சொல்லலையே. 40 ஹெக்டேருக்கு ஏரேட்டர் வைக்க முடியாது, ஒரு மூலைக்கு முடியும். மதகுப் பக்கம் ரெண்டு துடுப்புச் சக்கரம் ராத்திரி 1 மணிலேர்ந்து காலை 7 வரைக்கும் ஓட்டினா மீன் அங்கே வந்து சேரும். சாயங்காலம் ஓட்டாதீங்க, நிறைவுக்கு மேல இருக்கிற காத்தை அது வெளியே தள்ளிடும். கிணத்துத் தண்ணி விடுறதா இருந்தா பீச்சி அடிக்கணும். கிணத்துத் தண்ணில காத்து இருக்காது, குழாயோட அப்படியே விட்டா உள்ளதும் போகும். தீனி போடுறதையும் மூடாப்பு நாள்ல நிறுத்தச் சொல்லுங்க.

---

நீர்க்கோழி:

சுண்ணாம்பும் துத்தமும் நிறுத்தப்பட்டன. வரும் வாரத் திட்டம்: வரத்துக்கால் வாய், நடு ஏரி, மதகு என மூன்று இடம், இரண்டு ஆழம், மாலை 6, இரவு 9, காலை 5.30, பிற்பகல் 3 என நான்கு நேரம். 24 பாட்டில், கரையிலேயே கட்டுவது. நடு ஏரிக்கு பரிசல். அடி ஆழத்துக்கு கல் கட்டிய பாட்டிலில் கயிறு போட்டுத் தக்கையை இழுத்து எடுக்கலாம் என்று இருக்கிறோம், சரியா?

---

பியூரெட்_முனை:

பாஸ்பேட்டுக்குச் சரி, டிஓவுக்கு வேண்டாம். தக்கையை இழுத்ததும் தண்ணீர் கடகடவென்று உள்ளே விழுந்து, பாட்டிலில் இருந்த காற்றோடு கலந்துவிடும். அடியில் 0.5 இருந்தாலும் 2 காட்டும். வாய் அகன்ற 2 லிட்டர் டப்பாவுக்குள் பிஓடி பாட்டிலை நிற்க வையுங்கள். டப்பா மூடியில் இரண்டு துளை: ஒன்றில் வெளியிலிருந்து வரும் குழாய், அது பாட்டிலின் அடிவரை போக வேண்டும், இன்னொன்றில் காற்று வெளியேறும் குழாய், டப்பா மூடியோடு நின்றுவிடும். எடை கட்டி, இரண்டு குழாய்க்கும் இறுக்கியைப் போட்டு இறக்கி, ஆழத்தில் கயிற்றால் இறுக்கியை எடுங்கள். தண்ணீர் முதலில் பாட்டிலை நிரப்பி, வழிந்து, டப்பாவை நிரப்பும். அதற்குள் பாட்டிலின் தண்ணீர் ஐந்தாறு மடங்கு மாறியிருக்கும். குமிழி வருவது நின்றதும் இழுங்கள். இறக்கும்போது தரையில் இடிக்காதீர்கள், சேறு கிளம்பினால் 20 நிமிடமாவது காத்திருந்து பரிசலைத் தள்ளி வைத்து மறுபடி இறக்குங்கள்.

காலை 5.30 பாட்டில்களை முதலில் நடு ஏரியில் எடுத்து, மதகைக் கடைசிக்கு வைத்தால் 6.15 ஆகிவிடும், வெளிச்சம் வந்துவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கம் போங்கள்.